ஒரே சிவப்பு, இரண்டு எடை

சிஞோராவின் வீட்டில் நான் கடைசியாகப் பழகிய வேலை துப்பாக்கிச் சன்னம் பொறுக்குவது. அதற்கு முன்பே சலவை, சமையல், பால்கனிப் பூச்சட்டிகள், அவருடைய பிரஷர் குளிசைகள் எல்லாம் என் பொறுப்பில் வந்திருந்தன. இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தாத் தெருப் பக்கம் வயதானவர்களின் வீடுகளில் வேலை செய்யும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இவற்றைத்தான் சொல்லுவார்கள். நான் ஒருமுறை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது சன்னக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஓர் அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வெளியில் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சிஞோராவுக்கு எழுபத்தொரு வயது. நீண்ட காலம் பார்மசி நடத்தி ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டவில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கைத்துப்பாக்கிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தின் மற்றக் கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குப் பாஸ்தா அவிக்க, இவர் காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஒரு திடலில் நின்று கடதாசியையும் இரும்புத் தட்டுகளையும் சுடுவார். வென்ற கிண்ணங்கள் வரவேற்பறை அலுமாரியில் இருந்தன. அவற்றைத் துடைப்பதும் நான்தான். கடதாசியைச் சுட்டதற்கு ஒரு மனுசிக்குக் கிண்ணம் கொடுக்கிறார்கள் என்பது முதல் வருடம் முழுக்க எனக்கு விளங்கவில்லை.

அதைவிட விளங்காதது, அவர் கடையில் துப்பாக்கி ரவை வாங்காமல் வீட்டிலேயே செய்தது. சுட்ட பிறகு நிலத்தில் விழும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். கழுவிக் காயவைத்து, அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தி, உள்ளே அளந்த வெடிமருந்தைக் கொட்டி, வாயில் ஒரு சன்னத்தை வைத்து, மேசையோடு பூட்டியிருந்த இரும்பு யந்திரத்தின் கைபிடியை இழுப்பார். மருந்தும் முடிந்த ரவைகளும் இரும்பு அலுமாரிக்குள் இருக்கும், திறப்பு அவர் கழுத்தில் தொங்கும். அந்த அலுமாரியை நான் தொட்டதில்லை. தொடச் சட்டப்படி எனக்கு அனுமதியும் இல்லை. வெறும் சன்னம் மட்டும் பெட்டிகளில் திறந்த தட்டில் இருந்தது. மருந்து சேரும்வரை அது ஈயத் துண்டுதான், அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

"கடையில் விற்பது எல்லாருக்கும் பொதுவாகச் செய்தது. என் மணிக்கட்டுக்கு ஏற்றதை நான்தான் செய்துகொள்ள வேண்டும்," என்று ஒருநாள் சொன்னார். பார்மசிக்காரி வேறெப்படிச் சொல்லுவார் என்று விட்டுவிட்டேன்.

ஒரு கண்ணில் படலம் எடுத்த பிறகு அவருக்குக் கிட்டத்து நுணுக்கம் தெரியாமல் போயிற்று. ஒரு தட்டு நிறையச் சிவப்புச் சன்னங்களைக் குசினி மேசையில் கொண்டுவந்து வைத்து, பூச்சு உரிந்தவற்றைப் பொறுக்கித் தா என்றார். நான் முடியாது என்றேன். வேலைக்கு வந்ததிலிருந்து அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் தீவில் சன்னத்தைத் தேடி யாரும் போனதில்லை, அது தானாகவே வீட்டுக்கு வந்தது. எங்கள் உடுப்பு அலுமாரிக் கதவில் ஒரு துளை இருந்தது, அம்மா அதன் மேல் அந்தோனியார் படத்தை ஒட்டியிருந்தார். அந்தத் துளை விழுந்தபோது அலுமாரிக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தவள் நான். இதை இத்தாலியன் மொழியில் சொல்லி முடிக்க எனக்குச் சொல் போதவில்லை, கோபம் மட்டும் போதிய அளவு வந்தது.

அவர் வற்புறுத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தானே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். உரிந்ததை நல்லதோடு போட்டார், நல்லதைக் குப்பையில் போட்டார். அரிசியில் கல் பொறுக்கத் தெரிந்த ஒருத்திக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்படித்தான் அகப்பட்டேன்.

வெறும் ஈயத்தைச் சுட்டால் குழலுக்குள் ஈயம் ஒட்டிக்கொள்ளுமாம், புகையும் நெஞ்சுக்குக் கூடாதாம். செம்பு உறை போட்டது விலை கூட. இரண்டுக்கும் நடுவில் வந்தது இந்தப் பூச்சுச் சன்னம். ஈயத்தின் மேல் நிறப் பூச்சு ஒன்றைப் பிடிக்கவைத்துச் சூளையில் வேகவைத்திருப்பார்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று நகப்பூச்சுக் கடையில் இருப்பதுபோல அத்தனை நிறத்திலும் வரும். செய்கிறவன் ஒவ்வொருவனும் தன்னுடையது உரியாது என்று சத்தியம் பண்ணுவான். சிஞோரா ஒருவனையும் நம்ப மாட்டார்.

புது வகை ஒன்று வந்தால் எங்களுக்கு ஒரு நாள் வேலை. நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து நான் தேய்ப்பேன். பஞ்சில் நிறம் ஏறினால் சூளையில் போதிய நேரம் வைக்கவில்லை என்று அர்த்தம். பிறகு பால்கனிக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் தட்டையாகும்வரை அடிப்போம். ஈயம் நசியலாம், பூச்சு செதில் செதிலாகக் கழலக் கூடாது. கீழ்வீட்டு சிஞோர் தலையை வெளியே நீட்டி, சுடுவதற்கு ஞாயிறு வரைக்குமாவது பொறுக்க முடியாதா என்று கத்துவார். பச்சை முதல் அடியிலேயே கழன்றது. நீலம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுடும்போது சீனி கருகிய மணம் வருகிறது என்று அவருக்குப் பிடிக்கவில்லை. கறுப்பில் உரிந்தது எது உரியாதது எது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் மறுபடியும் சிவப்புத்தான் நின்றது.

தெரிந்தெடுத்த பிறகும் தலையிடி தீரவில்லை. பூச்சு இருப்பதால் சன்னம் ஒரு மயிரிழை பருமனாக இருக்கும். கோதின் வாயைக் கொஞ்சம் கூடுதலாக விரிக்காவிட்டால் பித்தளை விளிம்பு பூச்சைச் சீவிவிடும். அளவுக்கு மிஞ்சி விரித்தால் கோது யந்திரத்துக்குள் ஏறாது. சன்னத்தை வைத்த பிறகு வாயை மறுபடியும் ஒடுக்க வேண்டும், அதையும் கூட ஒடுக்கினால் பூச்சு வெட்டுப்படும். செய்த ரவைகளில் ஒன்றை உடைத்து, சன்னத்தின் இடுப்பைச் சுற்றி இருக்கும் கோட்டை என்னிடம் காட்டுவார். வெறும் அடையாளம் என்றால் நல்லது, வெட்டு என்றால் கூடாது. அடையாளம் எந்த இடத்தில் வெட்டாக மாறுகிறது என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நகத்தால் ஒரு தரம் சுற்றிப் பார்த்து நல்லது என்பேன். அவர் அப்படியே ஏற்றுக்கொள்வார். தன் கண்ணைவிட என் விரல் மேலானது என்று போட்டித் திடலிலும் சொல்லியிருக்கிறாராம். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எதற்காக வெட்கம் என்று தெரியவில்லை.

ஈயம் என்பதால் ஒரு கட்டளை இருந்தது. தொட்ட கையை மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவ வேண்டும், அதற்கு முன் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. அந்தக் கட்டளையை நான் அவரைவிடக் கடுமையாகப் பிடித்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு குளிர்காலத்தில் அவருக்கு மணிக்கட்டு நோ கூடியது. பாரமான சன்னம் மெதுவாகப் போகும், கையையும் மெதுவாகத்தான் உதைக்கும் என்று, அதே சிவப்பில் பாரம் கூடியதை வாங்கிப் பார்த்தார். முன்பு இருந்தது நூற்றிருபத்துநான்கு, புதியது நூற்றுநாற்பத்தேழு. கிராம் அல்ல, கிரெயின் என்று ஒரு பழைய அளவு. பாரமானதற்கு மருந்து குறைத்துப் போட வேண்டும். இலேசானதற்கு அளந்த மருந்தின் மேல் பாரமானதை வைத்துச் சுட்டால் குழலுக்குள் அழுத்தம் ஏறித் துப்பாக்கி உடையலாம், விரல் போகலாம். இதை அவர் என்னிடம் இரண்டு தரம் சொன்னார். இரண்டு பெட்டி வைத்தார். மூடியில் கடதாசி லேபல், அடியில் கறுப்புப் பேனாவால் எண். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு நடந்ததற்குத் தெரியாத்தனத்தைக் காரணம் சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பலெர்மோவில் சிஞோராமாரின் வீடுகளில் எல்லாம் அரைவாசிப் போத்தல்கள்தான். ஒரே சவுக்காரத் தண்ணீரில் மூன்று போத்தலை உடைத்து, மூன்றையும் அரையில் விட்டுவிடுவார்கள். நாங்கள் அவற்றை ஒன்றாக ஊற்றி, தட்டைத் துடைத்து, வெறும் போத்தலை எறிவோம். யாரும் சொல்லித் தருவதில்லை. வேலைக்கு வந்து ஒரு மாதத்தில் கை தானாகச் செய்யத் தொடங்கிவிடும். வெறுமையான பெட்டி இறுக்க மூடியுள்ள நல்ல பெட்டியாக இருந்தால் அதை எறிய மாட்டோம், வீட்டுக்குக் கொண்டுபோவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வறுத்து இடித்து வரும் கறித்தூளின் வாசம் போகாமல் இருக்க அப்படிப் பெட்டி வேண்டும். கபோச் சந்தைப் பக்கம் எங்கள் ஆட்களின் எந்தக் குசினிக்குள் போனாலும் ஏதோ ஒரு சிஞோராவின் பெட்டிக்குள்தான் தூள் இருக்கும்.

மாசி மாதம் முடிகிற ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் வேலைக்கு வரும்போது குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரிலிருந்து செய்தி வந்தது. இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க விரல் அடையாளம் வைக்க வேண்டிய திகதி, கொண்டுவர வேண்டிய கடதாசிகள். அதில் முக்கியமானது, வேலை தொடர்கிறது என்று சிஞோரா கையெழுத்து வைத்த கடிதம். அன்று முழுக்க அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சிஞோராவின் யந்திர அறையைத் துடைத்தது தெரியும். தட்டிலிருந்த தூசைத் தட்டியது தெரியும். வேறொன்றும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே வந்தபோது அந்த அறை மேசை முழுக்கச் சிவப்புச் சன்னங்கள் கிடந்தன. எல்லாவற்றின் இடுப்பிலும் கோடு இருந்தது. சிஞோரா கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல். ரவையை அதற்குள் மாட்டி ஓங்கி அடித்தால் சன்னம் கழன்று வரும். முதல்நாள் நான் போனதிலிருந்து அதைத்தான் அடித்திருக்கிறார்.

"ஒன்று விரலுக்கு நீளமாகப் பட்டது. நிறுத்துப் பார்த்தேன், பாரமானது. அதற்கு முன் செய்தவற்றில் எத்தனை அப்படிப் போயிற்றோ தெரியாது. எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன்," என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. யாரும் சுடவில்லை, ஒருவர் விரலும் போகவில்லை.

"இரண்டு பெட்டியையும் நான் ஒன்றாகக் கொட்டியிருக்கிறேன். எப்போது கொட்டினேன் என்று நினைவில்லை. மற்றப் பெட்டியை எங்கே போட்டேன் என்றும் நினைவில்லை."

"சிஞோரா, ஒருவேளை நான்தான்..." என்று தொடங்கினேன்.

"நீயா? கேட்காமல் நீ ஒரு கடதாசியைக்கூட நகர்த்த மாட்டாய்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் அம்மாவுக்கும் இந்த வயதில்தான் தொடங்கியது. முதலில் சாமான்கள் இடம் மாறின. கடைசி நான்கு வருடம் என்னை யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார்."

நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் என்னிடம் இருக்கவில்லை. நான் கொட்டினேனா? தட்டுக்கு முன் நிற்கிற என்னை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். கையில் துணி இருந்தது. துணிக்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒருவேளை அவர்தான் கொட்டினாரோ என்றும் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வீட்டில் மீன்குழம்பு வைத்தேன். தூள் பெட்டியில் அடியில்தான் கொஞ்சம் இருந்தது. தட்டி எடுக்கப் பெட்டியைக் கவிழ்த்தபோது அடியில் கறுப்புப் பேனாவால் எழுதியிருந்த எண்ணைக் கண்டேன். நூற்றுநாற்பத்தேழு. ஏழின் நடுவில் சிஞோரா போடுகிற சின்னக் குறுக்குக் கோடு. அடுப்பை நிறுத்தினேன்.

என் மனுசன் சியாகுல்லியில் மண்டரின் பழத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அன்று லீவு, கட்டிலில் போனோடு படுத்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, உந்தத் தூள் பெட்டி எப்ப இஞ்சை வந்தது?"

"எனக்கென்ன தெரியும். நீர்தானே கொண்டு வந்தனீர். போனதுக்கு முதல் வெள்ளி எண்டு நினைக்கிறன். நல்ல பெட்டி எண்டு காட்டினீரே."

"காட்டினனானே?"

"ஓம். சுடுதண்ணியிலை போட்டு லேபலை உரிச்சனீர்."

எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவர் சொன்ன பிறகும் வரவில்லை. என் கை அதைக் கொட்டி, துடைத்து, பைக்குள் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்து, கழுவி, லேபலை உரித்து, தூளும் நிரப்பியிருக்கிறது. அவ்வளவு நேரமும் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இது சிஞோராவின் சன்னப் பெட்டி என்று அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பி வந்து குழம்புச் சட்டியைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் ஈயமே சாப்பிட்டனாங்கள்?"

"மூண்டு தரம் கழுவியிருப்பன்."

"இருப்பன் எண்டு சொல்லுறீர்."

குழம்பைக் கொட்டினேன். தூளையும் கொட்டினேன். அக்கா இடித்து அனுப்பிய தூள், அதைக் குப்பையில் போட்டபோது அழுகை வந்தது. நாளைக்கே போய்ச் சிஞோராவிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"உமக்கு விசரே? விரல் வைக்கிற நாளுக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அந்த மனுசி கையெழுத்து வைக்காட்டி என்ன செய்யிறது? வெடிமருந்துச் சாமானோடை நிண்டனீர் எண்டு கதை குவெஸ்தூராவுக்குப் போனால்?"

"வெறும் ஈயம்தானே."

"அதை நீர் பொலிசுக்கு விளங்கப்படுத்துவீரே? அவதான் எல்லாத்தையும் உடைச்சுப் போட்டாவே. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. பெர்மெஸ்ஸோ அலுவல் முடியட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லும்."

"அவ தனக்கு மறதி வந்திட்டுது எண்டு நினைக்கிறா."

"எழுபது வயசிலை ஆருக்கு மறதி இல்லை? மூண்டு கிழமையிலை என்ன குடி முழுகப் போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் பயந்தவள்தான், அதனால் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும்போது அந்தப் பெட்டியைப் பிளாஸ்டிக் குப்பையோடு கொண்டுபோய் எறிந்தார். நான் தடுக்கவில்லை.

அந்த மூன்று கிழமையில் என் கண்ணுக்கு முன்னால் ஒரு மனுசி சுருங்கிப் போனார். முதலில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினார். பிறகு வாசல் கதவில், பிறகு அடுப்புக்கு மேல். காஸ் நிறுத்து. திறப்பு எடு. படுக்கப் போகும் முன் காஸைத் திரும்பப் பார். அவர் ஒருநாளும் காஸை நிறுத்தாமல் விட்டதில்லை. கார் ஓட்டுவதை விட்டார். அந்த ஞாயிறு போட்டிக்குப் போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை. திடலிலிருந்து யாரோ போன் எடுத்தபோது காய்ச்சல் என்றார். யந்திரத்தின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். கலந்த சன்னங்கள் ஒரு வாளியில் கிடந்தன. நான் பிரித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். பிரித்து என்ன செய்ய," என்றார்.

குளிசை எடுத்தாரா என்று என்னைக் கேட்கத் தொடங்கினார். எடுத்துவிட்டீர்கள் என்றால், நீ பார்த்தாயா என்று மறுபடியும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் உண்மை வாய்வரை வரும், வெளியே வராது. கடிதத்தில் கையெழுத்து வைத்தபோது மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்துவிட்டு, பிழை ஒன்றும் விடவில்லையே என்று என்னிடம் நீட்டினார். என்னுடைய பெயரில் உள்ள கடிதம் அது. அதை வாங்கும்போது என்னை நானே வெறுத்தேன்.

விரல் அடையாளம் வைத்த அடுத்த நாள், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவருக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். "சிஞோரா, சன்னத்தைக் கலந்தது நான். நீங்கள் இல்லை."

அவர் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மடித்தார். போத்தல் பழக்கத்தைச் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன். கறித்தூளைச் சொன்னேன். பயத்தில் என் இத்தாலியன் காலங்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதின.

"நீ கொட்டியது உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டார்.

"நினைவில்லை. ஆனால் நான்தான்."

"சவுக்காரத்தை நீ ஒன்றாக ஊற்றலாம். சன்னத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்க்கிறவள் நீ. பாரம் வேறென்று உன் கைக்குத் தெரியாதா?"

அதே கேள்வியைத்தான் நானும் மூன்று கிழமையாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஈயம் கிடந்த பெட்டிக்குள் சாப்பாட்டுத் தூள் போட்டாயா? தொட்ட கையை மூன்று தரம் கழுவுகிற நீ?"

"ஓம் சிஞோரா," என்று தமிழிலேயே சொன்னேன்.

"அந்தப் பெட்டி எங்கே?"

"எறிந்துவிட்டோம்."

அவர் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ நல்ல பெண். ஆனால் உனக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றார்.

நான் கத்தினேன். அந்த வீட்டில் நான் சத்தம் போட்டதில்லை, அன்று போட்டேன். என் அக்காவின் மேல், மாதாவின் மேல் ஆணையிட்டேன். அவர் தலையைத் தடவி, உட்கார், தண்ணீர் குடி என்றார். மனுசனைப் போனில் கூப்பிட்டுச் சொல்லவைக்கிறேன் என்றேன். அவரும் நல்லவர்தான், உனக்காகச் சொல்லுவார் என்றார். என்ன சொன்னாலும் அது இன்னும் கூடப் பொய்போலத்தான் வந்தது. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குறுக்குக் கோடு போட்ட அந்த ஏழு என்ற எண்ணை நான் உண்மையில் கண்டேனா என்றுகூட யோசித்தேன்.

துப்பாக்கிகளைப் பொலிசிடம் ஒப்படைக்கும் கடிதத்தை அவர் எழுதி வைத்திருந்தார். அதை அனுப்பும் முன் ஒரு டாக்டரிடம் போங்கள் என்று மன்றாடினேன். மூளைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் நம்புவார் என்று நினைத்தேன். சரி, நீயும் வா என்றார்.

டாக்டர் ஓர் இளம் பெண், மெதுவாகக் கதைத்தார். முதலில் என்னைத்தான் கேட்டார். வீட்டில் சிஞோரா எதையாவது மறக்கிறாரா, சாமான்களை மாற்றி வைக்கிறாரா? ஒன்றையும் மறப்பதில்லை என்றேன். ஒரேயொரு தடவை நடந்தது, அதையும் செய்தது நான் என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். சிஞோரா என் கையில் தட்டி, "டொத்தோரெஸ்ஸா, இவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்," என்றார். டாக்டர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பிறகு சோதனை. மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். சிஞோரா மூன்றையும் சொன்னார். மணிக்கூடு கீறச் சொன்னார், முள்ளும் எண்ணும் பிசகாமல் கீறினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னபோது டாக்டர் கடதாசியில் பார்க்க முன்னரே சொல்லிக்கொண்டு போனார். எனக்கு நெஞ்சு ஆறுதலாகிக்கொண்டு வந்தது.

"இன்றைக்கு என்ன கிழமை, சிஞோரா?"

வியாழக்கிழமை. அது அவருக்குத் தெரியும். வியாழனில் நல்ல மத்தி வரும், திரும்பும்போது கபோவில் வாங்குவோம் என்று காலையில் அவர்தான் சொன்னார். சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, தான் சொல்லப்போவது சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார்.